தோள் நரம்பு அறுந்த கைகள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

குலசேகரம் வாசகி:
என் வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் விடியற்காலையில் பைக் சறுக்கி விழுந்ததில் வலது கை அசைவற்றுப் போனது. எலும்பு முறியவில்லை என்பதால் வர்ம வைத்தியரான ஆசானிடம் தடவல் செய்தோம். பிறகு போன மருத்துவமனையிலும் ஒரு வருடம் பொறுத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு மாலை, கொதிக்கும் சாயாப் பாத்திரத்தின் மேல் அவருடைய வலது கை சாய்ந்து கிடந்தது. தோல் பொசுங்கும் வாடை வந்து நான் கத்திய பிறகே அவர் திரும்பிப் பார்த்தார். உணர்வே இல்லாத அந்தக் கை இரவெல்லாம் தீப்பற்றியதுபோல் எப்படி வலிக்கிறது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

கருங்கல் வாசகர்:
அதற்குக் காரணம் உண்டு. நரம்பின் வேர் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்பட்டால், கையிலிருந்து செய்தி வராத தண்டுவடச் செல்கள் தாமாகவே வலியை எழுப்புகின்றன. என் தம்பிக்குக் கைக்குப் போகும் 5 நரம்பு வேர்களும் போய்விட்டன. பிடுங்கிய வேரைத் தைத்துச் சேர்க்க வழியில்லாததால், திருவனந்தபுரத்தில் விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்புகளை எடுத்து, முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு இணைத்தார்கள். பல மாதங்கள் அசைவே இல்லை. பிறகொரு நாள் பிசியோதெரபி அறையில் "மூச்சை நல்லா இழுங்க" என்றார்கள். அவன் இழுத்ததும் புஜத்தின் தோலுக்கடியில் தசை துடித்தது. அம்மா அங்கேயே கையை வைத்துக்கொண்டு, அவனை மறுபடியும் மறுபடியும் மூச்சிழுக்கச் சொன்னார்.

தக்கலை ஆசிரியர்:
சிகிச்சை தாமதமாவதற்குப் பலர் ஆசான்மார் மேல் பழி போடுவதை நான் ஏற்கவில்லை. என் தோளைத் தொட்டுப் பார்த்து, "இது தடவலில் தீராது, நரம்பு டாக்டரைப் பாரும்" என்று அனுப்பியவரே ஓர் ஆசான்தான். எனக்கு மேல் வேர்கள் இரண்டு மட்டுமே சேதம். ஓபர்லின் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1994-இல் வெளியிட்ட முறைப்படி, சுண்டுவிரல் பக்கம் போகும் நரம்பிலிருந்து ஓர் இழையைப் பிரித்துப் புஜத் தசைக்குக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் விரல்களை இறுக்கி மூடினால்தான் முழங்கை மடங்கும். நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும், ஒன்றரை ஆண்டு நரம்பின்றிக் கிடந்த தசையோ பெரும்பாலும் அதை ஏற்பதில்லை. ஆகவே 3 மாதத்தில் அசைவு திரும்பாவிட்டால் நரம்பு அறுவை நிபுணரைப் பார்த்துவிடுங்கள். 6 மாதத்துக்குள் அறுவை நடந்துவிடுவது நல்லது. வேர் பிடுங்கியது உறுதியானால் அந்த 3 மாதமும் காக்க வேண்டாம். அதுவரை தோள், முழங்கை, விரல் மூட்டுகளை மறு கையால் தினமும் அசைத்து வாருங்கள்; மூட்டு இறுகிவிட்டால் தசை உயிர்பெற்றும் பயனில்லை. குலசேகரம் சகோதரி, காலம் கடந்தவர்களுக்கும் தொடைத் தசையொன்றை எடுத்து, அதன் இரத்தக்குழாயையும் நரம்பையும் இணைத்துக் கையில் பொருத்தும் அறுவை இருக்கிறது. அதைப் பற்றி விசாரியுங்கள்.