இரத்த வகையும் தொற்றுநோயின் கடுமையும்: நீங்கள் நேரில் கண்டது என்ன?

இரத்த வங்கி ஆய்வகப் பணியாளர்:
கொரோனா பரவிய 2020இல் இரத்த தானம் செய்ய வந்த பலர், ஊசிக்கு அஞ்சியதைவிடத் தங்கள் இரத்த வகைக்கு அதிகம் அஞ்சினார்கள். ஏ வகை என்றதும் முகம் வாடும். ஓ வகை என்றால் முகக்கவசம் தாடைக்கு இறங்கிவிடும். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் மூச்சுச் செயலிழப்புக்கு உள்ளான நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து அவ்வாண்டு வெளியான ஆய்வு, ஏ வகையினருக்கு ஆபத்து கூடுதல் என்றும் ஓ வகையினருக்குக் குறைவு என்றும் கூறியது உண்மைதான். ஆனால், அதே ஆய்வில் மூன்றாம் குரோமோசோமின் ஒரு பகுதிக்கு இதைவிட வலுவான தொடர்பு காணப்பட்டது. அதைப் பற்றி என்னிடம் ஒருவர்கூடக் கேட்டதில்லை. அடையாள அட்டையில் இரத்த வகைதானே அச்சிடப்பட்டிருக்கிறது! பின்னர் வந்த ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில் தொற்று ஏற்படுவதில் வேறுபாடு தெரிந்தது, நோயின் கடுமையில் தெரியவில்லை. முதுமையும் நீரிழிவும் கூட்டும் ஆபத்தோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு மிகச் சிறியது.

காலரா சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிய செவிலியர்:
மேலே நண்பர் குறிப்பிட்ட ஓ வகையினர், நான் பணியாற்றிய பிரிவில் அதிர்ஷ்டசாலிகள் அல்லர். காலரா கிருமி தொற்றுவதற்கான வாய்ப்பு அவர்களுக்குக் கூடுதல் இல்லை என்றாலும், தொற்றிய பின் வயிற்றுப்போக்கு கடுமையாகும் வாய்ப்பு கூடுதல் என்பது பல ஆண்டுகளாக அறியப்பட்ட செய்தி. கங்கைக் கழிமுகப் பகுதி மக்களிடையே ஓ வகை குறைவாக இருப்பதற்குத் தலைமுறை தலைமுறையாக அங்கு நிலவிய காலராவே காரணமாகலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. ஆயினும், கடும் காலராவில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை நீர் வெளியேறக்கூடும் என்பதால், நாங்கள் பார்த்தது நாடித்துடிப்பையும் கண்கள் குழிந்திருப்பதையும் தோலின் தளர்ச்சியையும் மட்டுமே. எந்த வகையினருக்கும் சிகிச்சை ஒன்றுதான்: இழந்த நீரையும் உப்பையும் உடனே ஈடுசெய்வது.

மலேரியா நோயாளியின் தங்கை:
ஃபால்சிபாரம் எனும் கடும் வகை மலேரியா தாக்கிய என் அண்ணனும் ஓ வகைதான். ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு, நலமான சிவப்பணுக்களைத் தன்னைச் சுற்றி ஒட்டவைத்துக்கொண்டு நுண்குழாய்களை அடைக்கும் என்றும், ஏ, பி வகைகளின் சர்க்கரைக் கூறுகள் அதற்குப் பசையாக உதவும் என்றும், அவை இல்லாத ஓ வகையில் இத்திரள்கள் சிறிதாகவும் எளிதில் உடைவனவாகவும் இருக்கும் என்றும் மருத்துவர் விளக்கினார். அப்படியானால் ஏன் இவ்வளவு காய்ச்சல் என்று அண்ணன் சற்றுக் கோபமாகவே கேட்டார். ஓ வகை மலேரியா வராமல் தடுப்பதில்லை, கடும் நிலைக்குச் செல்லும் வாய்ப்பைக் குறைக்கிறது, அவ்வளவுதான் என்று பதில் வந்தது. மருந்தில் ஒரு வேளைகூடக் குறைக்கப்படவில்லை.

முதலில் எழுதிய ஆய்வகப் பணியாளர்:
வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோவைரஸையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம். ஏ, பி போன்ற கூறுகளை உமிழ்நீரிலும் குடலிலும் சுரக்காதவர்கள் சிலர் உண்டு. அந்த வைரஸின் பரவலான திரிபுகள் சில அவர்களை எளிதில் தாக்குவதில்லை. வீட்டில் அனைவரும் வாந்தியெடுக்க ஒருவர் மட்டும் தப்புவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஆனால், நாங்கள் அட்டையில் எழுதித் தரும் இரத்த வகையைக் கொண்டு அதை அறிய முடியாது. அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும்.