ஒரே எண்ணெய்த் தேக்கம், இரண்டு குத்தகை: பங்கை எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

கேள்வி: வெண்ணாற்றங்கரை

மன்னார்குடிக்குக் கிழக்கே எனக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. பக்கத்து வயல்காரர் மோட்டாரைப் போட்ட அரை மணி நேரத்தில் என் போரில் தண்ணீர் நூலாக இளைத்துவிடும். மேலே வரப்பு இருந்தாலும் அடியில் வரப்பு கிடையாது. எண்ணெயும் எரிவாயுவும் அப்படித்தானே? இரண்டு நிறுவனங்களின் குத்தகை எல்லை ஒரே தேக்கத்தின் குறுக்கே போனால், யாருக்கு எவ்வளவு என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

பதில் 1: பழைய கிணற்றாள்

ஐயா, நீங்கள் சொல்வது சரி. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் ஓடினால் உங்கள் போர் மறுபடி ஊறிவிடும், எண்ணெய்த் தேக்கம் அப்படி ஊறாது. எண்ணெயை மேலே தள்ளுவது தேக்கத்தின் அழுத்தம். போட்டி போட்டு உறிஞ்சி அதை வீணடித்துவிட்டால், மிச்ச எண்ணெய் பாறையின் நுண்துளைகளிலேயே தங்கிப் போய் இரண்டு பேருக்கும் இல்லாமல் ஆகிவிடும். 1930இல் கண்டுபிடிக்கப்பட்ட அமெரிக்காவின் கிழக்கு டெக்சாஸ் எண்ணெய் வயலில், எடுத்தவருக்கே சொந்தம் என்ற விதியை நம்பி ஆளாளுக்குக் கிணறு இறக்கியதில் விலை அடிமட்டத்துக்கு விழுந்து, மறு ஆண்டே ஆளுநர் படையை அனுப்பிக் கிணறுகளை மூட வேண்டியதாயிற்று.

அதற்கு மாற்றுதான் யூனிடைசேஷன். எல்லையை மறந்துவிட்டு முழுத் தேக்கத்தையும் ஒரே வயலாகக் கருதி, கிணறுகளை இயக்கும் பொறுப்பை ஒரே நிறுவனத்திடம் விட்டு, செலவையும் வரவையும் விகிதப்படி பிரித்துக்கொள்வார்கள். அந்த விகிதத்தை மேற்பரப்புப் பரப்பளவை வைத்துப் போடுவது பெரிய தவறு என்பது என் உறுதியான கருத்து. ஒரு பக்கம் மணற்பாறை தடித்தும் மறுபக்கம் மெலிந்து நீரேறியும் இருக்கலாம். ஆகவே பாறையின் கனம், நுண்துளை அளவு, நீரின் பங்கு ஆகியவற்றைக் கொண்டு எந்தப் பக்கம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிட வேண்டும். வடகடலில் ஃபிரிக் வாயு வயலுக்கு நார்வேயும் பிரிட்டனும் 1976இல் ஒப்பந்தம் போட்டு, 60.82, 39.18 விழுக்காடு என்று பங்கு வைத்துக்கொண்டன. புதுக் கிணறுகள் புதிய தகவல் தரும்போது பங்கைத் திரும்பக் கணக்கிடவும் இத்தகைய ஒப்பந்தங்களில் இடம் வைப்பார்கள்.

பதில் 2: கோடியக்கரை

நம் நாட்டிலும் அரசும் நிறுவனமும் போட்டுக்கொள்ளும் உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தங்களில், தேக்கம் எல்லை தாண்டினால் கூட்டாக மேம்படுத்துமாறு அரசு கேட்க இடமிருக்கிறது. அதை முன்கூட்டியே செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையே சாட்சி. தன் பகுதி வாயு பக்கத்து ரிலையன்ஸ் வயலுக்கு நகர்ந்துவிட்டதாக ஓ.என்.ஜி.சி. 2014இல் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. 2015இல் ஆய்வு நிறுவனம் ஒன்று வாயு நகர்ந்ததை உறுதிசெய்தது. 2016இல் அரசு 155 கோடி டாலர் கேட்டது. 2018இல் நடுவர் மன்றம் ரிலையன்ஸுக்குச் சாதகமாகச் சொல்ல, 2025இல் உயர் நீதிமன்ற அமர்வு அதை ரத்து செய்தது. வாயு எப்போதோ எரிந்து தீர்ந்துவிட்டது, வழக்கு மட்டும் தொடர்ந்தது.

பதில் 3: நாகை வழக்கறிஞர்

அண்ணா, நம் டெல்டாவுக்கே உரிய ஒன்றைச் சேர்க்கிறேன். நிலத்தில் எடுக்கும் எண்ணெய்க்கு நிறுவனம் கட்டும் உரிமைத்தொகையான ராயல்டி மாநில அரசுக்கு, கடலில் எடுப்பதற்கு மத்திய அரசுக்கு. ஆகவே ஒரு தேக்கம் நாகைக் கடற்கரையைத் தாண்டிக் கிடந்தால், நிறுவனம் ஒன்றே ஆனாலும் பங்குக் கணக்கு தேவைப்படும். 2020இன் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிய துரப்பணத்தைத் தடுக்கிறது. முன்பே நடந்து வந்தவற்றை அது தொடவில்லை. எனவே இந்தக் கேள்வி இங்கே பழைய கிணறுகளைப் பற்றியதுதான்.

வெண்ணாற்றங்கரை

நன்றி அம்மா. அந்தப் பழைய கிணறுகளின் அழுத்த அளவுகளை ஊர்மக்கள் கேட்டுப் பெற வழி உண்டா என்பதையும் சொல்லுங்கள். அடுத்த கிராம சபையில் கேட்க விரும்புகிறேன்.