வகுப்பில் வாய்விட்டு வாசிக்க பயப்படும் மாணவி: என்ன செய்யலாம்?

கேள்வி (ஆசிரியை, கோத்தகிரி பக்கம்):
எட்டாம் வகுப்பு மாணவி. எழுந்து வாசிக்கச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். டாக்டர் பார்த்துவிட்டார், உடம்பில் ஒன்றுமில்லை. பாவமென்று வாசிக்கச் சொல்வதையே நிறுத்தினேன். இப்போது லீவு கூடிவிட்டது. சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றிப் பழக்கும் மனநலச் சிகிச்சை) முறையில் ஆசிரியர் செய்யக்கூடியது எது?

பதில் 1 (பள்ளி ஆலோசகர், ஊட்டி):
டீச்சர், நிறுத்தியதால்தான் கூடியது. தப்பித்ததும் வரும் நிம்மதி அடுத்த முறையும் தப்பிக்கச் சொல்லும்.

முதலில் தனியே ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். அங்கேயும் எழுத்துக்கூட்டித் திணறினால் சிக்கல் வாசிப்புத் திறனில். அதற்கு வைத்தியம் வேறு.

சரளமாக வாசித்தால், பயத்துக்கு 0 முதல் 10 வரை அவளே மார்க் போடட்டும். உங்களிடம் தனியாக 2, தோழியிடம் 4, நாலு பேர் குழுவில் 6, உட்கார்ந்தபடி வகுப்புக்கு இரண்டு வரி 7, எழுந்து நின்று ஒரு பத்தி 9 என்று வரலாம். கீழ்ப்படியை வாரம் நாலைந்து முறை செய்து, மார்க் பாதியானதும் அடுத்தது.

ஒவ்வொரு முறையும் வாசிக்கும் முன் ஒரு சீட்டில், "என்ன நடக்கும்னு நினைக்கிறே?" முடிந்ததும் அதன் பின்பக்கம், நடந்தது என்ன. "எல்லாரும் சிரிப்பாங்க" என்ற வரிக்குப் பின்னால் "ஒருத்தன்" என்று அவள் கையாலேயே எழுத வேண்டும். "யாரும் சிரிக்க மாட்டாங்க" என்று நீங்கள் சொல்லும் ஆறுதல் ஒருநாள்கூடத் தாங்காது.

பிள்ளைகளின் பயத்துக்காக உளவியலாளர் பிலிப் கெண்டல் வகுத்த சிபிடி திட்டமான கோப்பிங் கேட் முறையில் 16 அமர்வுகள்; பின்பாதி முழுக்க இப்படிச் செய்து பழகுவதுதான். அவசரம் வேண்டாம்.

பதில் 2 (குன்னூர்):
கெடுவது ஓரிடத்தில்தான்: பயம் உச்சியில் இருக்கும்போது "சரி, உட்காரு" என்பது. நின்றுபோனால் அரை நிமிடம் காத்திருங்கள். மீதி வரியை முடித்துவிட்டு உட்காரட்டும். புத்தகத்தால் முகத்தை மறைப்பது, மூச்சுவிடாமல் ஓட்டுவது இரண்டையும் மெல்லக் குறைக்க வேண்டும்.

நம் மலையில் இன்னொன்று. மேடு ஏறி வந்த படபடப்பையே பிள்ளைகள் பயமென்று எடுத்துக்கொள்கிறார்கள். மைதானத்தை ஒரு சுற்று ஓடவிட்டு, நெஞ்சு அடிக்கும்போதே இரண்டு வரி வாசிக்கச் சொல்லுங்கள். குரல் வருகிறதென்று அவளுக்கே தெரியும்.

வீட்டில் படுக மொழி பேசுபவள் என்றால் சீட்டிலும் அந்தப் பேச்சே இருக்கட்டும்.

பதில் 3 (கூடலூர்):
மழை லீவு முடிந்து வரும் முதல் நாள் ஒரு படி இறங்கித் தொடங்குங்கள். விட்ட இடத்திலிருந்தே ஏற்றினால் பழைய வயிற்றுவலி திரும்பும்.

அம்மாவிடமும் பேசுங்கள். காய்ச்சலோ வாந்தியோ இல்லாத வலிக்கு லீவு இல்லை; வீட்டில் இருக்க நேர்ந்தால் டிவியும் போனும் இல்லை. தூக்கம், சாப்பாடு குறைந்தாலோ ஒரு மாதத்தில் அசைவே இல்லையென்றாலோ மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். சாவைப் பற்றிப் பேசினால் தனியாக விடாமல் அன்றே. அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மனஸில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.