சண்டை நடக்குற இடத்துக்குப் போனவர்கிட்ட இருந்து போனே இல்ல, வீட்ல இருக்கவங்க எப்படி சமாளிச்சீங்க?

ரெண்டுபுள்ளஅம்மா:
எல்லாருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரர் ஆர்மில இருக்காரு, இப்ப சண்டை நடக்குற பக்கமே யூனிட்டோட போயிட்டாரு. எந்த இடம்னு எங்களுக்கே தெரியாது, தெரிஞ்சாலும் இங்க போட மாட்டேன். கெளம்பும்போதே "போனை வாங்கி வச்சுக்குவாங்க, கொஞ்ச நாள் சத்தமே இருக்காது, பயந்துக்காத"ன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. நடுவுல ஒரு தடவ வேற யாரோ நம்பர்ல இருந்து பேசினாரு, நான் பேசுறது அவருக்கு லேட்டா கேக்குது, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசி ஒண்ணுமே புரியாம கட் ஆயிடுச்சு. அதோட சரி. மாமியார் டிவி முன்னாடியே உக்காந்திருக்காங்க, சின்னவன் அப்பா எப்ப வீடியோ கால்ல வருவார்னு நச்சரிக்கிறான். லெட்டர் எல்லாம் இந்தக் காலத்துல போய் சேருமா? இங்க இருக்குற கஷ்டத்த அவர்கிட்ட சொல்லலாமா, மறைச்சிடணுமா?

பழையசிப்பாய்:
தங்கச்சி, நான் சர்வீஸ் முடிச்சு வந்தவன். மொதல்ல மனசுல வச்சுக்கோங்க, போன் வரலன்னா அவருக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு அர்த்தமே கெடையாது. சொல்லப்போனா பல நேரம் உல்டா. அமெரிக்கா படைங்க ஈராக்லயும் ஆப்கானிஸ்தான்லயும் இருந்தப்ப யூனிட்ல யாருக்காவது அடி பட்டாலோ யாராவது போயிட்டாலோ உடனே கேம்ப்ல நெட், போன் எல்லாத்தையும் கட் பண்ணிடுவாங்க, அந்த ஆளோட குடும்பத்துக்கு முறையா சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் வீட்டுக்குப் பேச முடியாது. ஏன்னா அந்த வீட்டுக்கு விஷயம் ஃபேஸ்புக்ல தெரிஞ்சிடக் கூடாதுல்ல. அதனால திடீர்னு சத்தம் நின்னா மத்த எல்லார் வீட்லயும் அதே கதிதான் இருக்கும்.

போன வாங்கி வைக்கிறதுக்கும் காரணம் இருக்கு. 2023 ஜனவரி 1 அன்னிக்கு உக்ரைன்ல மகீவ்கான்ற இடத்துல ரஷ்யப் படை தங்கியிருந்த கட்டடத்துல ராக்கெட் விழுந்துச்சு, 89 பேர் செத்தாங்கன்னு ரஷ்ய பாதுகாப்பு அமைச்சகமே சொல்லிச்சு, தடையை மீறி பசங்க செல்போன் யூஸ் பண்ணதுதான் முக்கிய காரணம்னும் சொன்னாங்க. மேல இருந்தவங்க தப்ப மறைக்கத்தான் பசங்க மேல பழி போட்டாங்கன்னு பலர் திட்டினாங்க, அது வேற கதை. ஆனா போன் சிக்னல வச்சு ஆள் கூட்டம் எங்க இருக்குன்னு கண்டுபுடிக்க முடியும்ன்றது உண்மைதான்.

கஷ்டத்த சொல்லலாமான்னா என் கருத்து வேண்டாம்தான். அங்க உக்காந்துட்டு அவரால ஒண்ணும் பண்ண முடியாது, நைட்டு டியூட்டில மண்டைக்குள்ள அதுவே ஓடும்.

காத்திருந்தவ:
அண்ணா சொன்ன கடைசி பாயின்ட மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். என் வீட்டுக்காரரும் போயிட்டு வந்தவர்தான். எல்லாம் நல்லாருக்கு நல்லாருக்குன்னே எழுதினா அவங்களுக்கு சந்தேகம் வந்துடும் சிஸ்டர், எதையோ மறைக்கிறான்னு இன்னும் மோசமா கற்பனை பண்ணுவாங்க. புள்ளைக்கு காய்ச்சல் வந்துச்சு, டாக்டர்கிட்ட போனோம், இப்ப சரியாயிடுச்சுன்னு முடிஞ்ச கதையா எழுதுங்க. முடியாத பிரச்சனைய, அதுவும் சொந்தக்காரங்க சண்டை, கடன் மாதிரி விஷயத்த தள்ளி வைங்க, அவர் கையெழுத்து தேவைன்னா மட்டும் சொல்லுங்க.

லெட்டர் கண்டிப்பா எழுதுங்க. யூனிட்ல குடுத்த தபால் முகவரி இருக்கும், அதுல இடத்தோட பேரே இருக்காது, அப்படியே எழுதினாப் போதும். ஒவ்வொரு லெட்டர் மேலயும் தேதியும் வரிசை நம்பரும் போடுங்க. மூணு நாலு சேந்தாப்ல போகும், பின்னாடி எழுதினது முன்னாடி போகும், நம்பர் இல்லன்னா "இப்ப பரவால்ல"ன்ற லெட்டர் மொதல்ல போயி எதுக்கு பரவால்லன்னு மனுசன் மண்டைய ஒடைச்சுக்குவாரு (எங்க வீட்ல நடந்தது). எங்க இருக்கீங்க, எப்ப வருவீங்கன்னு மட்டும் கேக்காதீங்க, பதில் சொல்ல முடியாத கேள்வி. சின்னவன எதையாவது கிறுக்கச் சொல்லி உள்ள வைங்க. டிவிய தயவு செஞ்சு ஆஃப் பண்ணுங்க, அத்தைய கூட உக்கார வச்சு அவங்க சொல்ல சொல்ல நீங்க எழுதுங்க.

ஹிஸ்டரிபைத்தியம்:
அட்ரஸ்ல அவரோட சர்வீஸ் நம்பர், ரேங்க், யூனிட் மூணும் சரியா இருக்கான்னு பாருங்க சகோதரி. பேரை மட்டும் நம்பினா என்ன ஆகும்னா, 1945 பிப்ரவரில அமெரிக்க ராணுவத்தோட 6888ஆவது தபால் பட்டாலியன் இங்கிலாந்துல பர்மிங்காம் வந்தப்ப சுமார் 1.7 கோடி தபால் தேங்கிக் கெடந்துச்சு, ராபர்ட் ஸ்மித்னு ஒரே பேர்ல மட்டும் 7,500 பேர், நம்பரை வச்சுத்தான் ஆள பிரிச்சாங்க. ஆறு மாசம்னு குடுத்த வேலைய அந்த கறுப்பினப் பெண்கள் படை மூணே மாசத்துல முடிச்சுது. அப்பல்லாம் லெட்டர மைக்ரோஃபிலிம்ல போட்டோ புடிச்சு சின்னதாக்கி அனுப்புற வி-மெயிலும் இருந்துச்சு, 37 மூட்டை ஒரு மூட்டைக்குள்ள அடங்கிடும், ஆனா பொண்டாட்டிமாருங்க லிப்ஸ்டிக் முத்தம் வச்சு அனுப்பி மெஷின அடைச்சுட்டாங்களாம் 😄

முதல் உலகப்போர்ல பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு ஒரு அச்சடிச்ச கார்டு குடுத்தாங்க. நலமா இருக்கேன், ஆஸ்பத்திரில இருக்கேன், உன் லெட்டர் கெடைச்சுதுன்னு வரிங்க இருக்கும், வேண்டாதத அடிச்சிட்டு தேதியும் கையெழுத்தும் போட்டு அனுப்பணும், மேல ஒரு வார்த்தை எழுதினாலும் கிழிச்சுப் போட்டுடுவாங்க. ஆனாலும் வீட்ல அதுக்காகக் காத்திருந்தாங்க. நீங்களும் அவர்கிட்ட சொல்லி வைங்க, நேரமே இல்லன்னா வெறும் ஒரு புள்ளி மெசேஜ் போதும், அதுக்கு "நல்லாருக்கேன்"னு அர்த்தம்.

போன்ல லேட்டாக் கேக்குதுன்னீங்களே, வியட்நாம் போர்ல ரேடியோ வழியா வீட்டுக்குப் பேசினவங்க ஒவ்வொரு தடவையும் பேசி முடிச்சதும் "ஓவர்"னு சொல்லணும், அப்பதான் நடுவுல இருக்குற ஹாம் ரேடியோக்காரர் (பொழுதுபோக்கா வீட்லயே ரேடியோ வச்சுப் பேசுறவர்) லைன மாத்தி விடுவாரு. நீங்களும் "ம், சொல்லுங்க"ன்னு முடிச்சு விட்டுட்டு அவர் பேசட்டும்னு காத்திருங்க.

ரெண்டுபுள்ளஅம்மா:
எல்லாருக்கும் நன்றி. மொத லெட்டர் எழுதியாச்சு, அத்தை சொன்னதே ரெண்டு பக்கம் 🙂 அந்த புள்ளி ஐடியா லெட்டர்லயே போட்டுட்டேன். இன்னொண்ணு, அவர் கடைசியா கேம்ப்ல எடுத்த போட்டோ அனுப்பினாரு, நாத்தனார் அத ஸ்டேட்டஸ் வைக்கணும்ன்றாங்க, வைக்கலாமா?

பழையசிப்பாய்:
வேண்டாம் தங்கச்சி. யூனிட் பேட்ஜ், பின்னாடி தெரியிற மலை, கட்டடம் எல்லாமே தகவல்தான். கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல, ஃபேமிலி குரூப்ல கூட போடாதீங்க, அவர் வந்தப்புறம் வச்சுக்கட்டும்.