சூப்பர்வைசராக நான் வளைத்த மூன்று தூண்கள்

வேலையிடத்துச் சொதப்பல்களைப் பற்றிய இந்தத் திரியில் எல்லாரும் டீமில் இருப்பவர்கள் சொதப்பியதை எழுதியிருக்கிறீர்கள், நான் சொதப்பியதையும் எழுதிவிடுகிறேன்.

திருச்சியில் பெல் (BHEL) தொழிற்சாலை வந்த பிறகு துவாக்குடி, மாத்தூர் பக்கமெல்லாம் இரும்பை வெட்டி வெல்டிங் செய்யும் ஃபேப்ரிகேஷன் ஷெட்டுகள் முளைத்தன இல்லையா, அப்படி ஒன்றில் நைட் ஷிப்ட் என் பொறுப்பு. டிப்ளமோ முடித்து மூன்றாவது வருஷம். 16 மி.மீ. பிளேட்டில் 400க்கு 400 பாக்ஸ் தூண், 9 மீட்டர் நீளம், ஒவ்வொன்றும் ஒன்றேமுக்கால் டன் வரும். ஆறு தூணும் மாசக் கடைசிக்குள் லாரி ஏற வேண்டும்.

பாக்ஸுக்கு நாலு மூலையிலும் நீள வெல்டிங். ஒரு மூலையில் கொஞ்சம் போட்டு, திருப்பி, எதிர் மூலையில் கொஞ்சம் போட்டு, இப்படி மாற்றி மாற்றித்தான் ஏற்ற வேண்டும். ஆனால் ஒவ்வொரு தடவை திருப்பவும் கிரேன் வேண்டும், இருந்த ஒரே கிரேனும் அன்றைக்கு லோடிங்கில் மாட்டிக்கொண்டது. வெல்டர்கள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. மேல் பக்கத்து இரண்டு மூலையையும் முழுசாக முடித்துவிடுங்கள், அப்புறம் ஒரே தடவை திருப்பிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஃபிட்டர் அண்ணனுக்கு ஐம்பதைத் தாண்டிய வயசு, நான் பிறப்பதற்கு முன்பே சுத்தியல் பிடித்தவர். "ஒரு பக்கமா இழுத்துடும் தம்பி" என்றார், அவ்வளவுதான். "அடுத்த பக்கம் போடும்போது திரும்ப இழுத்துக்கும்ணே" என்று நான் பெரிய மேதை மாதிரி பதில் சொன்னேன். வெல்டிங் ஆறும்போது சுருங்கித் திரும்ப இழுக்கும்தான், ஆனால் அதே அளவுக்கு இழுக்காது, முதல் இரண்டு மூலையும் சேர்ந்ததுமே பாக்ஸ் விறைத்துவிடும் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

காலையில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நூல் பிடித்துப் பார்த்தால் அன்றிரவு போட்ட மூன்று தூணும் வளைந்திருந்தன: 14, 17, 12 மி.மீ. ட்ராயிங்கில் 9 மி.மீ.க்கு மேல் கூடாது.

அண்ணன் "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரு வார்த்தை பேசவில்லை. சாக்பீஸை எடுத்து, புடைத்திருந்த பக்கத்தில் பட்டை பட்டையாகக் கோடு போட்டு, கேஸ் டார்ச்சில் மங்கலான சிவப்பு வரும்வரை சூடு காட்டி, ஆற விட்டு, மறுபடி நூல் பிடித்து... இரண்டு நாள் போனது.

இதில் எனக்கு இன்னும் உறுத்துவது வேறு. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு டன் கணக்கில்தான் கூலி. நிமிர்த்துகிற வேலையில் டன் ஏறாது, என் உத்தரவுக்கு அவர்கள் இரண்டு நாள் சும்மா உழைத்த மாதிரி. "என் உத்தரவுப்படி செய்தது" என்று ரீவொர்க் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், மேனேஜர் ஒரு நாள் கூலி மட்டும் பாஸ் பண்ணினார். இன்னொரு நாள் கூலி இன்றுவரை வரவில்லை.

பதில்:
நூல் பிடிக்கும்போது வயிறு கலங்குவது இருக்கே, அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். என் கதை ராடு கதை. மழைக்காலம், 7018 ராடு (ஈரம் ஏறக்கூடாத வெல்டிங் ராடு), வெல்டிங்கை எடுத்த எக்ஸ்ரேயில் வரிசையாகக் காற்றுத் துளை. ராடை உலர்த்தும் பெரிய மதர் ஓவனில் ஒழுங்காகச் சுட்டுத்தான் கொடுக்கிறோம், பிறகு எப்படி? வெல்டர் ஒடிசாக்காரப் பையன், இரண்டு நாள் கத்தினேன், தலையை ஆட்டினான், மறுபடி அதே துளை. மூன்றாம் நாள் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். போர்டில் இருந்தது இரண்டே சாக்கெட், ஒன்றில் ஃபேன். கிரைண்டர் ஓட்டும்போதெல்லாம் கையோடு வைத்திருக்கும் சின்ன ஓவனின் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறான், ராடு குளிர்ந்து ஈரம் ஏறியிருக்கிறது. எனக்கு இந்தி வராது, அவனுக்குத் தமிழ் வராது, கேட்கவும் நான் கேட்கவில்லை. இன்னொரு எக்ஸ்டென்ஷன் போர்டு வாங்கிக் கொடுத்தேன், துளை நின்றது.

பதில்:
முதல் பதிவுக்காரருக்கு: சூடு காட்டியதும் சீக்கிரம் ஆற அந்த இடத்தில் பைப்பில் தண்ணி பீய்ச்சினீர்களா? எங்கள் ஷெட்டில் பீய்ச்சுவார்கள்.

பதில்:
இல்லை. அவசரத்தில் நான் பைப்பை இழுத்துக்கொண்டு போனேன், அண்ணன் கையிலிருந்து வாங்கி ஓரமாகப் போட்டுவிட்டு டீ வாங்கி வரச் சொன்னார். போனேன்.