புதுப்பிப்பு: முதலாண்டு மாணவர்களின் எழுத்து வகுப்பு

பிளஸ் டூ ஆங்கில மதிப்பெண்ணை மட்டும் பார்த்து முதலாண்டு மாணவர்களை அடிப்படை ஆங்கில எழுத்து வகுப்பில் தள்ளுவது அநியாயம் என்று சேர்க்கை நேரத்தில் எழுதியிருந்தேன். கடலூரில் எங்கள் துறை அதைக் காதில் வாங்கிக்கொண்டது.

இம்முறை மாணவர்கள் ஒரு பக்கம் எழுதினார்கள், அடிப்படை வகுப்பு, அதற்கு அடுத்த நிலை வகுப்பு இரண்டின் பாடத்திட்டத்தையும் படித்தார்கள், எங்களிடம் பேசிவிட்டுத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்காவின் கிராண்ட் வேலி மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேன் ராயரும் ரோஜர் கில்ஸும் கொண்டுவந்து, 1998இல் கட்டுரையாக எழுதிய வழிமுறையைத் தழுவியது இது.

நெல்லிக்குப்பம் பக்கத்து மாணவி ஒருத்தி, கரும்பு லாரியோடு ஆலை வாசலில் அப்பா காத்துக்கிடப்பதை எழுதியிருந்தாள். வரிக்கு வரி இலக்கணப் பிழை. ஆனால் இரண்டாவது பத்தியில் ‘ஏன் காத்திருக்க வேண்டும்?’ என்று கேட்டு, காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்கியிருந்தாள். யோசிக்கத் தெரிந்த பெண்! அடுத்த நிலை வகுப்பைக் கேட்டாள், கொடுத்தோம். வரைவைத் திருப்பிக் கொடுத்தால் மறுநாளே திருத்திக்கொண்டு வந்து நிற்கிறாள். நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு பையனோ, மனப்பாடக் கட்டுரை தவிர எதுவும் வரவில்லை என்று அடிப்படை வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டான். எனக்கு அவன்மீது தனி மரியாதை.

முதல் மாதத்துக்குள் வகுப்பு மாறிக்கொள்ள கல்லூரி முதல்வரிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். பதில் வந்ததும் எழுதுகிறேன்.