அம்மாவின் சயாட்டிகா வலி: பிசியோதெரபி செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அம்மாவுக்கு வயது 58, தையல் வேலை. இரண்டு மாதமாக இடுப்பிலிருந்து இடது கால் சுண்டுவிரல் வரை சுண்டி இழுக்கிறது. முதுகெலும்புகளுக்கு நடுவில் உள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். காலில் பலவீனமோ சிறுநீர்த் தொந்தரவோ இல்லாததால் பிசியோதெரபி போதும் என்றார் மருத்துவர்.

முதலில் ஒரு பிசியோதெரபி சென்டரில் பத்து நாள், வலி குறைய லேசான கரண்ட் வைத்தார்கள். அங்கே இதமாக இருக்கும். பஸ் ஏறி வீடு வருவதற்குள் வலியும் வந்துவிடும். இப்போது வேறொருவர், குப்புறப் படுத்துக் கைகளை ஊன்றி மார்பை மட்டும் உயர்த்தச் சொல்கிறார். கால் வலி குறைந்து இடுப்பில் கூடியிருக்கிறது. வலி மேலேறுவது நல்ல அறிகுறி என்கிறார். “இடம் மாறினால் குணமா?” என்கிறார் அம்மா.

இப்பயிற்சி செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை வாரத்தில் நிம்மதியாக உட்கார முடிந்தது? மதுரையில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் தெரிந்தாலும் சொல்லுங்கள். எண்ணெய் வைத்தியம் வேண்டாம். அதற்கு அத்தை இருக்கிறார்.